எச்டிஎம்எல் எழுதாமல் வலைப்பக்கம் செய்ய முடியுமா?

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பா எழுதிய சுமார் 200 தமிழ்க் கட்டுரைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும். எச்டிஎம்எல்லில் எழுதத் தொடங்கினால், <b>…</b> போன்ற ஒரு குறிச்சொல்லை மூட மறந்ததும் பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகி நிற்கிறது. இந்தக் கோணல் அடைப்புகளே இல்லாத வேறு மொழி ஏதும் இல்லையா? எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலோ, செயலி செய்ய உதவும் ஃப்ளட்டர் கருவியிலோ செய்துவிடக் கூடாதா?

என் பதில்: உலாவிக்குக் கொடுப்பதில் எச்டிஎம்எல்லுக்கு மாற்று இல்லை. நீங்கள் உட்கார்ந்து எழுதுவதில் மாற்று ஏராளமாக உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் எச்டிஎம்எல்லைத் தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றுகிறது.

உலாவி உங்கள் கோப்பை வாசித்ததும் நினைவகத்தில் ஒரு மரத்தைக் கட்டுகிறது. பக்கம் வேர், அதன் கிளையாக ஒரு பகுதி, அதற்குள் தலைப்பு, பத்தி, பத்திக்குள் இணைப்பு. திரையில் வரைவதும், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதும் இந்த மரத்தைப் பார்த்துத்தான். தேடுபொறியும் இதைத்தான் மேய்கிறது. எச்டிஎம்எல் என்பது அந்த மரத்தை எழுத்தில் வடிக்கும் ஒரு முறை. அதைக் கையால்தான் எழுத வேண்டும் என்று அதைப் படைத்தவரே நினைக்கவில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வகத்தில் நெக்ஸ்ட் கணினியில் எழுதிய முதல் உலாவி, பக்கங்களைத் திருத்தும் கருவியாகவும் இருந்தது. குறிச்சொற்கள் உள்ளே மறைந்திருக்கும், மனிதர் மேலே தட்டச்சு செய்வார் என்பதே அவர் எண்ணம். பின்னால் வந்த உலாவிகள் திருத்தும் பாதியைக் கழற்றிவிட்டன. மீதி வேலை நம் தலையில் விழுந்தது.

மூடாத குறிச்சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்திக்கான குறிச்சொல்லையும் பட்டியல் உருப்படிக்கான குறிச்சொல்லையும் மூட வேண்டிய கட்டாயமே எச்டிஎம்எல்லில் இல்லை. பக்கத்தின் தலை, உடல் என்று தனியாகக் குறிக்காவிட்டாலும் தரப்படி அது சரியான பக்கம்தான். தடித்த எழுத்து, இணைப்பு போன்றவற்றை மூட மறந்தால் மட்டுமே நீங்கள் பட்ட பாடு வரும். எல்லாவற்றையும் கண்டிப்பாக மூடியே தீர வேண்டும் என்ற பழக்கம் எச்டிஎம்எல்லை எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான குறியீட்டு மொழியின் விதிக்குள் அடைத்து 2000இல் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் காலத்து மிச்சம். எக்ஸ்எம்எல் விதிப்படி ஒரே ஒரு பிழை இருந்தாலும் பக்கத்தைக் காட்டாமல் பிழைச் செய்தியை நீட்ட வேண்டும் என்பது அன்றைய கொள்கை. ஊரில் யாரும் அதைத் தாங்கவில்லை. அடுத்த பதிப்பான எக்ஸ்எச்டிஎம்எல் 2 வேலையை 2009இல் கைவிட்டார்கள். அதற்குப் பதில் வந்த எச்டிஎம்எல்5, பிழையான பக்கத்தை உலாவி எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதையே வரி வரியாகத் தரமாக்கி வைத்தது. ஆகவே நீங்கள் வெறுப்பது எச்டிஎம்எல்லை அல்ல, அதன் கண்டிப்பான தம்பியை என்று நினைக்கிறேன்.

ஆனாலும் 200 கட்டுரைகளைக் குறிச்சொல் போட்டு எழுதச் சொல்லமாட்டேன். தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது. குறிச்சொற்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, குறிச்சொல்லைத் திறந்து, தமிழுக்கு மாற்றிச் சொல்லை அடித்து, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி மூட வேண்டும். ஆங்கிலேயருக்கு ஏழெட்டு விசைகள் ஆகும் வேலை நமக்கு அதோடு நாலு தடவை மொழி மாற்றமும் கேட்கிறது. நட்சத்திரக் குறி (*), எண்குறி (#), கோடு (-) போன்ற நிறுத்தக்குறிகளை மட்டும் வைத்து எழுதும் முறைகள் தமிழருக்கு ஆங்கிலேயரை விடக் கூடுதல் லாபம் தருவது இதனால்தான். பெரும்பாலான தமிழ் விசைப்பலகைகளில் அந்தக் குறிகள் மொழி மாற்றாமலே கிடைக்கும்.

அந்த வகையில் இன்று ஊரெங்கும் பரவியிருப்பது மார்க்டவுன். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்டார்; ஏரன் ஸ்வார்ட்ஸ் அதன் உருவாக்கத்தில் கூட இருந்தார். மின்னஞ்சலில் மனிதர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அப்படியே விதியாக்கினார்கள்: அழுத்த வேண்டிய சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரம், தலைப்புக்கு முன்னால் எண்குறி, பட்டியலுக்குக் கோடு, பத்திக்கு நடுவே வெற்று வரி. வலையில் வெளியிடுவதற்கு எச்டிஎம்எல், எழுதுவதற்கு இது என்று க்ரூபரே பிரித்துச் சொல்லியிருக்கிறார். மார்க்டவுனில் முடியாதது ஏதேனும் வந்தால் நடுவிலேயே எச்டிஎம்எல் எழுதிக்கொள்ளவும் அனுமதித்தார். அவர் விதிகளில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக அடைத்ததால், 2014இல் ஜான் மெக்ஃபார்லேனும் வேறு சிலரும் காமன்மார்க் என்ற துல்லியமான வரையறையை எழுதினார்கள்.

துல்லியமாக எழுதினார்கள், ஆனால் சொற்களுக்கு நடுவே இடம்விட்டு எழுதும் ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்து எழுதினார்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். அழுத்திக் காட்ட வேண்டியது சொல்லை மட்டும், உருபை அல்ல. இங்கேதான் இடறுகிறது.

`*நூல்*இல்` என்று நட்சத்திரம் போட்டால் சரியாக வரும். அதையே `_நூல்_இல்` என்று அடிக்கோடு போட்டால் வராது. சொல்லுக்கு நடுவில் வரும் அடிக்கோட்டைக் காமன்மார்க் கண்டுகொள்வதில்லை. நிரலில் மாறிகளின் பெயருக்குள் அடிக்கோடு வரும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இன்னொன்று இதைவிட வம்பு. `“குறள்”ஐ` என்று மேற்கோள் குறியோடு சேர்த்துத் தடித்த எழுத்தாக்கப் பார்த்தால், நட்சத்திரங்கள் நட்சத்திரங்களாகவே பக்கத்தில் வந்து நிற்கும். மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் அது மூடும் குறியாகாது என்பது விதி. சொல்லுக்கிடையே இடம்விடாத சீன, ஜப்பானிய மொழிக்காரர்களும் இதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். வழி எளிது: மேற்கோள் குறியை நட்சத்திரத்துக்கு வெளியே வையுங்கள். ஆனால் தெரியாவிட்டால் அரைநாள் போய்விடும், எனக்குப் போயிருக்கிறது.

செய்யுளும் தொல்லை தரும். கட்டுரைகளில் பாடல் மேற்கோள்கள் இருந்தால், மார்க்டவுன் நாலடியையும் ஒரே அடியாக இழுத்துப் போட்டுவிடும். ஒவ்வோர் அடியின் முடிவிலும் இரண்டு இடைவெளியோ ஒரு பின்சாய்வுக் கோடோ (\) வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை நம்பாதீர்கள், பின்சாய்வே நல்லது. ஒரு வகைக் கோப்பை வேறு வகையாக மாற்றித் தரும் பாண்டாக் என்ற கருவியில் அடியின் முன்னால் செங்குத்துக் கோடு (|) போட்டால் அடிகளும் உள்தள்ளலும் அப்படியே நிற்கும். ‘1947.’ என்று ஆண்டும் புள்ளியுமாக ஒரு பத்தி தொடங்கினால், 1947ஆம் எண்ணிலிருந்து ஒரு பட்டியல் தொடங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழ் எண் ௧, ௨ போட்டால் பட்டியலாகவே ஏற்காது.

அடுத்தது, தலைப்புகளுக்குத் தானாக உண்டாகும் முகவரி. ஒரு கட்டுரையின் குறிப்பிட்ட பகுதிக்கு நேராக இணைப்புக் கொடுக்க இது தேவை. பைத்தான் நிரல்மொழியில் உள்ள பைத்தான்-மார்க்டவுன் கருவியின் பொருளடக்க நீட்சி, இயல்பாக ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எல்லாம் நீக்கிவிடும். உங்கள் தலைப்புகள் வெறும் எண்களாகும். சரி, யூனிகோடுக்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பைத்தானின் தேடல் விதியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ என்ற கணக்கில் வருவதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ என்று ஆகும். முக்கியமான தலைப்புகளுக்கு நீங்களே ஒரு பெயர் கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

சாய்வெழுத்து பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை நட்சத்திரம் சாய்வெழுத்து என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது ‘இங்கே அழுத்தம்’ என்ற குறிச்சொல்லாக மாறுகிறது. சாய்ப்பது உலாவியின் வழக்கம். தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து வேரூன்றவில்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. பார்க்கச் சகிக்காது. ஆனால் அழுத்தம் என்ற தகவல் மரத்தில் இருப்பதால், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஒரே ஒரு விதி எழுதி, தளம் முழுவதும் அதைச் சாயாமல் நிறம் மாற்றியோ சற்றுத் தடித்தோ காட்டலாம். 200 கட்டுரைகளையும் தொட வேண்டாம். எந்த மாற்று முறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் நான் பார்ப்பது இதைத்தான்: எழுதும்போது நான் சொன்ன பொருள் மரம் வரை போய்ச் சேர்கிறதா, இல்லை வழியில் வெறும் தோற்றமாகக் கரைந்துவிடுகிறதா?

மார்க்டவுனுக்கு உறவுக்காரர்கள் பலர் உண்டு. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் பைத்தான் உலகத்தின் ஆவண மொழி. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களே அதில்தான் எழுதப்படுகின்றன. குறுக்குக் குறிப்புகள், சொல்லடைவு, அடிக்குறிப்பு எல்லாவற்றிலும் மார்க்டவுனை விடப் பலபடி வலிமை. ஆனால் அழுத்தக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வந்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்கும். ஒவ்வோர் உருபுக்கு முன்னாலும் பின்சாய்வும் இடைவெளியும் போட்டு ஏமாற்ற வேண்டும். தமிழ்க் கட்டுரைக்கு வேண்டவே வேண்டாம். ஆஸ்கிடாக் இதை நேர்மையாகத் தீர்த்திருக்கிறது: முழுச் சொல்லுக்கு ஒற்றைக் குறி, சொல்லின் பகுதிக்கு இரட்டைக் குறி. பெரிய நூலைப் பதிப்பிப்பதானால் இதைச் சொல்வேன். மெக்ஃபார்லேனே மார்க்டவுனின் குழப்பங்களைக் களைந்து 2022இல் ஜாட் என்ற புதிய முறையை வெளியிட்டார். சுத்தமானது, ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் கருவிகள் குறைவு.

விக்கி நடை தனிக் கிளை. வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியைத் தொடங்கியபோதே, குறிச்சொல் தெரியாதவரும் பக்கம் எழுத வேண்டும் என்பது அடிப்படையாக இருந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இந்த நடையில்தான் வளர்ந்தது. உருபுச் சிக்கலை நான் பார்த்தவரை மிக அழகாகக் கையாண்டது இங்கேதான். `[[சென்னை]]யில்` என்று எழுதினால், இணைப்பு சென்னைப் பக்கத்துக்குப் போகும்; ஆனால் ‘சென்னையில்’ என்று முழுச் சொல்லும் இணைப்பாகத் தெரியும். அடைப்பை ஒட்டி வரும் தமிழ் எழுத்துகளையும் சேர்த்துக்கொள் என்று, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் தமிழுக்கென்று ஒரு விதி இருக்கிறது. மொழி தெரிந்தவர் ஒருவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும்.

இனி, நிரலாளர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. ஹாம்ல் 2006இல் வந்தது; பக் என்பது முதலில் ஜேட் என்ற பெயரில் இருந்து, வணிகக்குறிச் சிக்கலால் 2016இல் பெயர் மாறியது. இரண்டிலும் மூடும் குறிச்சொல் இல்லை. உள்தள்ளலே எது எதற்குள் இருக்கிறது என்று சொல்லும். படிவங்களும் பட்டியல்களும் நிறைந்த பக்கத்துக்கு அருமை. நீளமான பத்திகளும் நடுநடுவே இணைப்புகளும் உள்ள கட்டுரைக்கு நரகம். அவ்வளவுதான்.

குறியீட்டு மொழியே வேண்டாம், நிரல்மொழியிலேயே மரத்தைக் கட்டலாம் என்று சொன்னவர்களின் கதை சுவையானது. லிஸ்ப் நிரல்மொழிக் குடும்பத்துக்கு இது பிறவிச் சொத்து. அதன் நிரலே அடைப்புகளுக்குள் அடைப்பாக ஒரு மரம்தான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குளோஜரில் ஹிக்கப் என்ற நூலகம், பட்டியலின் முதல் உறுப்பைக் குறிச்சொல்லாகவும் மீதியை உள்ளடக்கமாகவும் எடுத்துக்கொள்ளும். எல்ம் மொழியில் ஒவ்வொரு குறிச்சொல்லும் ஒரு செயற்கூறு. பண்புகளுக்கு ஒரு பட்டியல், குழந்தைகளுக்கு ஒரு பட்டியல். எழுத்துப்பிழை இருந்தால் பக்கம் உருவாகும் முன்பே நிரல்பெயர்ப்பி பிடித்துவிடும். நீங்கள் கேட்ட ‘ஜாவாஸ்கிரிப்டை மட்டும் வைத்து’ என்பதும் இந்த வழிதான். ஆனால் 2013இல் ஃபேஸ்புக் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டபோது என்ன நடந்தது தெரியுமா? முழு நிரல்மொழி கையில் இருந்தும், ஜேஎஸ்எக்ஸ் என்ற பெயரில் கோணல் அடைப்புகளை ஜாவாஸ்கிரிப்டுக்குள் கொண்டுவந்து நுழைத்தார்கள். முதலில் பலர் முகம் சுளித்தார்கள். பிறகு உலகமே அதில் எழுதியது. மரத்தை எழுத்தில் பார்க்க வேண்டுமானால், எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று பெயர் சொல்லும் அடைப்பு கண்ணுக்கு உதவுகிறது. ஓடிப்போனவர்கள் தாமாகத் திரும்பி வந்த வீடு அது. உங்களுக்கோ செயலி எதுவும் வேண்டாம், படிக்க வேண்டிய கட்டுரைகள்தான். ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் அப்பாவின் எழுத்து தெரியும் என்ற நிலையை ஏன் உண்டாக்க வேண்டும்?

கடைசியாக, மரத்தையே தவிர்ப்பவை. ஃப்ளட்டர் வலைப்பதிப்பு இதில் சேரும். அது பக்கத்தை எழுத்தாக அல்ல, ஒரு வெற்றுப் பலகையில் புள்ளி புள்ளியாக வரைகிறது. வரையும் இயந்திரமே சுமார் 1.5 எம்பி பதிவிறக்கம். தமிழ் எழுத்துருவை நீங்கள் சேர்த்து அனுப்பாவிட்டால், அது இணையத்திலிருந்து வந்து சேரும் வரை கட்டம் கட்டமாகத் தெரியும். உலாவியின் தேடும் வசதிக்கு உள்ளே எந்தச் சொல்லும் அகப்படாது. திரைவாசிப்பானுக்கான மரத்தை, பயனர் கேட்ட பிறகே தனியாகக் கட்டும். வங்கிச் செயலிக்கு ஒருவேளை பொருந்தலாம். கட்டுரைகளுக்கு இதைத் தேர்ந்தெடுப்பது, புத்தகத்தை நிழற்படம் எடுத்துச் சுவரில் மாட்டுவது போல.

இதை நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஒரு சிறு அமைப்புக்காக முழுத் தளத்தையும் ஃப்ளாஷ் என்ற அசைவூட்டக் கருவியில் செய்தேன். அன்றைக்கு அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு, ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலம். வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவாவிட்டால் பக்கம் முழுவதும் புரியாத லத்தீன் எழுத்துகள். ஃப்ளாஷ் எழுத்தின் வடிவத்தைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து கொண்டுபோகும், எந்தக் கணினியிலும் தமிழ் பளிச்சென்று தெரியும். எல்லோரும் பாராட்டினார்கள். தேடுபொறிக்கு அந்தத் தளத்தில் ஒரு சொல்கூடத் தமிழாகத் தெரியவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தி, அடுத்த ஜனவரி 12 முதல் அது ஓடுவதையே தடுத்தது. தளம் வெள்ளைக் கட்டமானது. மூலக்கோப்புகள் இருந்த வட்டு எப்போதோ பழுதாகியிருந்தது. அச்சிட்டு வைத்திருந்த தாள்களைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். அதே ஆண்டுகளில் வேறொருவர் வெறும் எச்டிஎம்எல்லில் செய்த பக்கங்களை ஒரு குறியாக்க மாற்றி வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

மரத்தையும் உலாவியையும் சேர்த்தே உதறிய ஒரு கூட்டமும் உண்டு. 2019இல் தொடங்கிய ஜெமினி. தனி நெறிமுறை, தனி வாசிப்பான், வரி வரியாக மட்டும் எழுதும் ஒரு மொழி. தலைப்பு ஒரு வரி, இணைப்பு ஒரு வரி, பட்டியல் ஒரு வரி. வரிக்குள் அழுத்தம் கிடையாது, ஆகவே உருபுச் சண்டையும் கிடையாது! பக்கம் தமிழில் இருக்கிறது என்று அறிவிக்க மட்டும் இடம் வைத்திருக்கிறார்கள். படிக்க இதமான இடம். அப்பாவின் வாசகர்கள் அங்கே இல்லை.

உங்கள் வேலைக்கு நான் செய்வது இதுதான். கட்டுரைகள் வேர்டு கோப்புகளாக இருந்தால், முதலில் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுவதே முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு. யூனிகோடில் இருந்தால் பாண்டாக் அவற்றை நேராக மார்க்டவுனாக மாற்றித் தரும். ஒரு கட்டுரைக்கு ஒரு கோப்பு. பக்கத்தின் சட்டகத்தை மட்டும் ஒரே ஒரு முறை எச்டிஎம்எல்லில் கையால் எழுதுங்கள், முப்பது வரிக்கு மேல் போகாது. அதில் மறக்கக் கூடாதவை இரண்டு: குறியாக்கம் யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பும், மொழி தமிழ் என்ற பண்பும். இரண்டாவது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் அப்பாவின் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்க்கும். பிறகு ஹியூகோ, எலவென்டி, ஜெக்கில் என்று மார்க்டவுன் கோப்புகளைச் சட்டகத்தில் பொருத்திப் பக்கங்களாக்கும் எந்த நிலைத்தள உருவாக்கியை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். 200 கட்டுரைகளுக்கு அவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. மார்க்டவுன் கோப்புகள் உங்களிடம் இருக்கும் வரை நாளைக்கே கருவியை மாற்றலாம்.

கருவியை முடிவு செய்யும் முன் ஒரு சோதனைக் கோப்பு எழுதுங்கள். நட்சத்திரத்துக்குள் ஒரு சொல்லும் வெளியே அதன் உருபும், மேற்கோளுக்குள் தடித்த எழுத்து, பின்னால் ‘என்று’, ஒரு வெண்பா, ‘ழ்’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ வரும் ஒரு தலைப்பு, அதற்கு ஓர் உள்ளிணைப்பு. அதைப் பக்கமாக்கி, பழைய கைப்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். வெண்பா நாலடியாக நின்று, உள்ளிணைப்பும் சரியான தலைப்புக்குப் போனால் அந்தக் கருவியை எடுத்துக்கொள்ளலாம்.